நூல் பிடித்த பின்சக்கரம்

நூறு ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தின் மோட்டார் சைக்கிள் கடைகளில் ஒரு விசித்திரமான டியூப் விற்றது. அது வளையமாக இருக்காது. இரண்டு முனையும் அடைபட்ட, புடலங்காய் போல நீண்ட ரப்பர் குழாய். டயருக்குள் சுற்றிவைத்துக் காற்றடித்தால் இரு முனைகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வளையம் மாதிரி நிற்கும். முழு வளையம் கிடைக்கும்போது இப்படி ஒன்றை ஏன் வாங்கினார்கள்? பஞ்சர் ஆனால் பின்சக்கரத்தைக் கழற்றாமலே டியூபை உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம் என்பதற்காகத்தான்.

பின்சக்கரத்தைக் கழற்ற அவ்வளவு தயக்கம். கழற்றுவதுகூடப் பெரிய வேலையில்லை. திரும்ப மாட்டுவதில்தான் வம்பு.

முன்சக்கரம் பாவம், உருண்டால் போதும். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் உறவு. முன்சக்கரத்தோடு ஒரே நேர்கோட்டில் ஓட வேண்டும். எஞ்சினிலிருந்து சுழற்சியைக் கொண்டுவரும் பெல்ட்டுக்கோ செயினுக்கோ நேராகவும் உட்கார வேண்டும். அந்தப் பெல்ட் தொய்யவும் கூடாது, விறைக்கவும் கூடாது. அச்சு முன்னும் பின்னும் நகர்வதற்கென்றே சட்டத்தில் நீள்துளை வைத்திருக்கிறார்கள். இடது பக்கம் ஒரு நூல் முன்னே, வலது பக்கம் ஒரு நூல் பின்னே என்று உட்கார்ந்துவிட்டால் சக்கரம் கோணிக்கொள்ளும். டயர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் இந்த ஏற்பாடு முழுக்கக் கலைகிறது. திரும்ப அடுக்குவது எவ்வளவு கஷ்டம் என்பது எஞ்சினையும் சக்கரத்தையும் எது இணைக்கிறது என்பதைப் பொறுத்தது. தோல்வார் ஒரு விதமாக நடந்துகொண்டது, செயின் வேறு விதமாக. இன்றைய பல் வைத்த பெல்ட் இரண்டையும் விடக் கறார்.

தொடக்கம் தோல்வாரில்தான். 1885-இல் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் ஜெர்மனியின் கான்ஸ்டாட்டில் செய்த மரச்சட்ட வண்டியில் எஞ்சினையும் பின்சக்கரத்தையும் இணைத்தது பெல்ட். 1894-இல் ம்யூனிக் நகரத்தில் ஹில்டிபிராண்டும் வுல்ஃப்முல்லரும் வேறு வழியில் போனார்கள். ரயில் எஞ்சினில் போல பிஸ்டனிலிருந்து நீண்ட தண்டுகள் நேரே பின்சக்கரத்தைச் சுழற்றின. இடையில் பெல்ட்டும் இல்லை, செயினும் இல்லை. எஞ்சினின் ஒவ்வொரு உதையும் அப்படியே சக்கரத்துக்குப் போகும். அந்த வழி தழைக்கவில்லை. அடுத்து வந்தவர்கள் பெரும்பாலும் சைக்கிள் சட்டத்தில் எஞ்சினைப் பொருத்தி, தோல்வாரைச் சுற்றிவிட்டார்கள்.

1903-இல் மில்வாக்கியில் பிறந்த ஹார்லி டேவிட்சனும் அப்படித்தான் தொடங்கியது. எஞ்சின் புல்லியிலிருந்து பின்சக்கரத்தின் பெரிய புல்லிக்கு ஒரு தட்டையான தோல்வார். கிளட்ச் என்று தனியாக ஒன்று கிடையாது. ஒரு நெம்புகோலை இழுத்தால் இடையில் இருக்கும் உருளை வாரை அழுத்தி இறுக்கும், வண்டி நகரும். விட்டால் வார் தொய்ந்து வழுக்கும், எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஆக, வழுக்குவதுதான் அதன் கிளட்ச்.

தட்டைப் பெல்ட்டுக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. ரைஸ் மில்லிலோ பழைய கரும்பு ஆலையிலோ நீளமான பெல்ட் ஓடுவதைப் பார்த்தவர்கள், அது ஏன் புல்லியிலிருந்து நழுவி விழுவதில்லை என்று யோசித்திருப்பார்கள். புல்லியின் நடுப்பகுதியைக் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு மேடாகக் கடைந்திருப்பார்கள். மேட்டிலிருந்து பெல்ட் சரிந்துவிடும் என்றுதான் நமக்குத் தோன்றும். நடப்பது நேர் எதிர்: ஓடும் பெல்ட் மேட்டை நோக்கி ஏறி நடுவில் நின்றுகொள்ளும். புல்லிகள் சற்றுக் கோணலாக இருந்தாலும் பெல்ட் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். பிரிட்டனில் தட்டை வாருக்குப் பதில் ஆப்பு வடிவ வாரை அதிகம் பயன்படுத்தினார்கள். புல்லியின் பள்ளமே அதைப் பிடித்து வைத்துக்கொண்டது. எப்படியானாலும் சக்கரம் அரை நூல் சாய்ந்து மாட்டப்பட்டால் வண்டி கோபித்துக்கொள்ளாது. ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் ‘டப் டப்’ உதையைக்கூட வார் பாதி விழுங்கிவிடும்.

கோபம் வருவது மழையில். நனைந்த தோல் வழுக்கும். வெயிலில் காய்ந்தால் விறைக்கும், விளக்கெண்ணெய் பூசி இளக்க வேண்டும். ஓட ஓட நீளும். நீண்டால் சாலையோரத்தில் உட்கார்ந்து ஒரு துண்டு வெட்டிவிட்டு, முனைகளைக் கொக்கி போட்டு மறுபடி இணைக்க வேண்டும். மேட்டில் ஏறும்போது வார் வழுக்கினால் இறங்கித் தள்ள வேண்டும். அதற்காகவே பல வண்டிகளில் சைக்கிள் பெடலும் இருந்தது.

1907 மே மாதம் மேன் தீவில் முதல் டிடி (டூரிஸ்ட் டிராஃபி) மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தபோது இந்தத் தொல்லைகள் எல்லாம் ஒன்றாக அணிவகுத்தன. ஏறத்தாழ 254 கிலோமீட்டர், பத்துச் சுற்று, பெரும்பாலும் மண்சாலை. இரட்டை சிலிண்டர் பிரிவில் பெஜோ எஞ்சின் பொருத்திய நார்ட்டனை ஓட்டிய ரெம் ஃபவுலர் பெல்ட்டுக்காகவும் ஸ்பார்க் பிளக்குக்காகவும் மறுபடி மறுபடி வண்டியை நிறுத்தினார். வேகமாகப் போகும்போது டயர் வெடித்தது. இவ்வளவுக்கும் பிறகு வென்றதும் அவர்தான். நின்ற நேரத்தையும் சேர்த்துச் சராசரி வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர். அந்தக் காலத்துப் பந்தயக்காரர் பாதி மெக்கானிக்காகவும் இருக்க வேண்டியிருந்தது.

ஒரே ஒரு விகிதத்தில் ஓடும் பெல்ட்டை வைத்து மலை ஏறுவது எப்படி? இந்தக் கேள்விக்கு லண்டனின் ஜெனித் கம்பெனி சொன்ன பதில், பின்சக்கரத்தின் வரலாற்றிலேயே துணிச்சலானது. அங்கே பொறியாளராக இருந்த ஃபிரெடி பார்ன்ஸ் வடிவமைத்த ‘கிராடுவா’ கியரில் எஞ்சின் புல்லியின் இரண்டு பாதிகளும் விலகவும் நெருங்கவும் முடியும். விலகினால் பெல்ட் உள்ளே இறங்கும், விகிதம் மாறும். ஆனால் உள்ளே இறங்கிய பெல்ட் தொய்ந்துவிடுமே? அதற்காக, பெட்ரோல் டாங்க் அருகிலிருந்த கைப்பிடியைச் சுற்றும்போது பின்சக்கரமே தன் நீள்துளையில் பின்னால் நகர்ந்து தொய்வை எடுத்துக்கொள்ளும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே! மற்றவர்கள் ஷெட்டில் நிறுத்தி ஸ்பேனர் பிடித்துச் செய்யும் வேலையை ஜெனித்காரர் மலையேறிக்கொண்டே செய்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு நகர வேண்டும் என்ற நிபந்தனையை இயந்திரமே பார்த்துக்கொண்டது. மலையேற்றப் போட்டிகளில் இந்த வண்டி வென்றுகொண்டே இருந்ததால், சில சங்கங்கள் அதை ஒற்றைக் கியர் வண்டிகளோடு மோத அனுமதிக்க மறுத்தன. ஜெனித் அதற்காக அழவில்லை. ‘தடை செய்யப்பட்டது’ என்ற சொல்லையே தன் வணிகச் சின்னத்தில் பொறித்து விளம்பரம் செய்தது.

ரட்ஜ் கம்பெனி அதே கணக்கை வேறு விதமாகப் போட்டது. எஞ்சின் புல்லி விரியும்போது பின்சக்கரப் புல்லி சுருங்கும். பெல்ட் தொய்யாது, சக்கரம் நகர வேண்டியதில்லை. ‘மல்ட்டி’ என்று அதற்குப் பெயர்.

இதற்கிடையில் செயின் வந்து நெடுநாளாகிவிட்டது. மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் 1880-இல் உருளை வைத்த செயினை உருவாக்கியிருந்தார்; சைக்கிள் உலகம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் 1901-இல் தொடங்கிய இந்தியன் வண்டி முதல் நாளிலிருந்தே செயினில்தான் ஓடியது. (பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்ட் சரக்கு.) பிரிட்டிஷ் ஓட்டுநர்கள் செயினைச் சந்தேகத்தோடே பார்த்தார்கள். முரட்டுத்தனமாக இழுக்கும், கடகடக்கும், எண்ணெய் தெறிக்கும் என்பது அவர்களுடைய வாதம். பொய் இல்லை.

வாதம் 1911-இல் மலையடிவாரத்தில் முடிந்தது. அந்த ஆண்டுதான் டிடி பந்தயம் ஸ்னேஃபெல் மலையைச் சுற்றி ஏறும் நீண்ட பாதைக்கு மாற்றப்பட்டது. கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். செயினும் இரண்டு வேக கியரும் கொண்ட இந்தியன் வண்டிகள் சீனியர் பிரிவில் முதல் மூன்று இடங்களையும் அள்ளின. ஆலிவர் காட்ஃப்ரி முதலாவது, சார்லஸ் ஃபிராங்க்ளின் இரண்டாவது, ஆர்தர் மூர்ஹவுஸ் மூன்றாவது. பெல்ட் கட்சிக்காரர்களுக்கு ஒரு சமாதானம் உண்டு: மேட்ச்லெஸ் வண்டியில் வந்த சார்லி காலியர் உண்மையில் இரண்டாவதாகத்தான் வந்தார், அனுமதியில்லாத இடத்தில் பெட்ரோல் போட்டதற்காக அவர் பெயரை நீக்கினார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளும் செயின் பூட்டிய ஸ்காட் வண்டிகள் வென்றன. 1914-இல் சிரில் புல்லின் ரட்ஜ் மல்ட்டியில் வென்று பெல்ட்டின் மானத்தைக் காப்பாற்றினார். சீனியர் டிடியில் பெல்ட்டுக்குக் கிடைத்த கடைசி வெற்றி அது.

அடுத்த சில வாரங்களில் போர். டிரையம்ப் கம்பெனி நேச நாட்டுப் படைகளுக்குக் கொடுத்த 30,000 மாடல் எச் வண்டிகளில் எஞ்சினிலிருந்து கியர் பெட்டிக்குச் செயினும், அங்கிருந்து பின்சக்கரத்துக்குப் பெல்ட்டும் இருந்தன; அவசரத்துக்குச் செய்துகொண்ட சமரசம் போல. பிரான்ஸின் சேற்றில் தபால் சுமந்த ஓட்டுநர்களுக்குப் பெல்ட்டின் எல்லாக் குறைகளும் மனப்பாடம் ஆகியிருக்கும். 1920களின் நடுவில் பெல்ட் ஏறக்குறைய மறைந்தது. ஹார்லி அதற்கு முன்பே, 1912-இல் செயினைக் கொண்டுவந்து, சீக்கிரமே தோல்வாருக்கு விடைகொடுத்துவிட்டது.

செயின் வழுக்காது. ஆனால் பின்சக்கரம் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும் செய்யாது. ஸ்பிராக்கெட் பல்லின் ஒரு பக்கம் மட்டும் மழுங்கித் தேயும். இருந்தாலும் கண்ணிகளுக்கு இடையே கொஞ்சம் பக்கவாட்டு ஆட்டம் இருப்பதால் சின்னக் கோணலைச் சமாளித்து ஓடிவிடும். மெக்கானிக் வண்டிக்குப் பின்னால் குந்தி, ஒரு கண்ணை மூடி, செயின் நெடுக நோக்கு விடுவார். கூடுதல் அக்கறை உள்ளவர் நூல் பிடிப்பார். பின்டயரின் இரு பக்கமும் நூலைத் தொட்டு முன்சக்கரம் வரை இழுத்து, முன்டயருக்கும் நூலுக்கும் நடுவே இரு பக்கமும் ஒரே இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பது. கொத்தனார் சுவர் எழுப்பும்போது செய்வதேதான்.

இந்தக் கதையில் சென்னையும் ஓர் இடத்தில் வருகிறது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. அங்கிருந்து பல பத்தாண்டுகள் வெளிவந்த புல்லட்டின் பின் அச்சில், இரு பக்கமும் நத்தை ஓட்டின் வடிவில் ஒரு தட்டு இருக்கும். அதன் விளிம்பில் வரிசையாகப் பள்ளங்கள். தட்டைத் திருப்பினால் சக்கரம் பள்ளம் பள்ளமாகப் பின்னுக்கு நகரும். இடது பக்கம் நான்காம் பள்ளம் என்றால் வலது பக்கமும் நான்காம் பள்ளம். ஸ்கேல் வேண்டாம், நூல் வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும். சாலையோரத்தில், மங்கிய வெளிச்சத்தில், டயர் மாற்றுகிற ஆளை மனதில் வைத்து யாரோ யோசித்த வேலை அது.

சிலர் தண்டு வழியாகச் சுழற்சியைக் கடத்தி இந்தத் தலைவலியையே ஒழித்தார்கள். 1923-இல் வந்த பிஎம்டபிள்யூவின் ஆர்32 அப்படிப்பட்டது. எடை கூடியது, விலையும் கூடியது. பெரும்பாலானவர்கள் செயினோடு வாழப் பழகினார்கள்.

பெல்ட் திரும்பி வந்தது தையல் மெஷின் வழியாக. 1940களில் அமெரிக்காவின் எல்.எச். கில்மர் கம்பெனியில் ரிச்சர்ட் கேஸ், சிங்கர் மெஷினின் ஊசியும் அடியிலுள்ள பாபினும் தாளம் தப்பாமல் ஓடுவதற்காக உள்பக்கம் பல் வைத்த ரப்பர் பெல்ட்டை உருவாக்கினார். பல்லில் பல் பொருந்தி ஓடுவதால் வழுக்கலுக்கு இடமே இல்லை. 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கிளாஸ் கம்பெனி அதைக் கார் எஞ்சினுக்குள் கொண்டுபோனது. 1965-இல் டுபான்ட் ஆய்வகத்தில் ஸ்டெஃபனி க்வோலெக் கண்டுபிடித்த இழை, பின்னால் கெவ்லார் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அந்த வகை இழையைப் பெல்ட்டுக்குள் கயிறாகப் பதித்ததும் நீளாத, எளிதில் அறுபடாத பெல்ட் ஒன்று சாத்தியமானது.

1980-இல் ஹார்லி டேவிட்சன் ஸ்டர்ஜிஸ் என்ற கறுப்பு வண்டியை வெளியிட்டது. எஃப்எக்ஸ்பி என்பது அதன் மாடல் எழுத்து. கடைசி எழுத்து பெல்ட்டைக் குறித்தது. எஞ்சினிலிருந்து கியருக்கு ஒன்று, கியரிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒன்று என இரண்டும் கேட்ஸ் கம்பெனியின் பல் பெல்ட்டுகள். சற்றேறக்குறைய அதே சமயத்தில் கவாசாகியும் 440 சிசி வண்டியில் பெல்ட்டைக் கொண்டுவந்தது. முந்தைய பெல்ட்டைக் கொன்ற குறைகள் ஒன்றும் இதில் இல்லை. எண்ணெய் வேண்டாம், சத்தம் இல்லை, மழை பொருட்டில்லை. 1990களின் தொடக்கத்துக்குள் ஹார்லியின் ஏறத்தாழ எல்லா வண்டிகளிலும் செயின் போய் பெல்ட் வந்துவிட்டது.

ஆனால் தோல்வாரின் நல்ல குணமும் கூடவே போய்விட்டது. பல் பெல்ட்டுக்கு மேடான புல்லி வைக்க முடியாது. வைத்தால் நடுவிலுள்ள இழைகள் மட்டும் பாரம் சுமந்து நைந்துபோகும். எனவே புல்லி சமதளம். பெல்ட் நடுவைத் தேடிப் போகாது. கோணல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஒதுங்கும். புல்லி ஓரத்தில் எழுப்பிய விளிம்பு அதைத் தடுத்து நிறுத்தும். லேசாக உரசினால் பாதகமில்லை. அழுத்தி உரசினால் கிரீச்சென்று சத்தம் வரும், ஓரம் பிசிறும், பிசிறிய இடத்திலிருந்து இழை பிரியும். பெல்ட் முழு வளையம் என்பதால் பல ஹார்லி மாடல்களில் புதிது மாட்டப் பின்சக்கரத்தோடு அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையும் கழற்ற வேண்டும். டயர் மாற்றியவர் அரை நூல் தவறவிட்டதற்குக் கட்டும் அபராதம் அது.

அதனால்தான் ஹார்லி பட்டறையில் பின்டயர் மாற்றும்போது அத்தனை சடங்கு. அச்சின் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை முன்னால் தள்ளி, பெல்ட்டைப் பக்கவாட்டில் வழித்து எடுப்பார்கள். எடுத்த பெல்ட்டை மடக்கக் கூடாது, உள்வெளியாகத் திருப்பக் கூடாது. உள்ளே இருக்கும் இழை வெளியே தெரியாமல் ஒடிந்துவிடும். திரும்ப மாட்டும்போது பெல்ட் முன்பு எந்தத் திசையில் ஓடியதோ அதே திசை. பிறகு இரு பக்கமும் ஸ்விங் ஆர்ம் கீல்கொண்டிருக்கும் புள்ளியின் மையத்திலிருந்து அச்சின் மையம் வரை அளப்பார்கள். இதற்கு விலை கொடுத்துக் கருவி வாங்கலாம். ஒரு கம்பியின் முனையை வளைத்து, அதில் ஒரு ரப்பர் வளையத்தை நகரும் குறியாக மாட்டினாலும் வேலை நடக்கும். ஒரு பக்கத்தில் வளையத்தை அச்சின் நடுவுக்கு நகர்த்திவிட்டு, கம்பியை மறுபக்கம் கொண்டுபோய் ஒப்பிட வேண்டியதுதான்.

அடுத்தது இறுக்கம். பெல்ட்டின் கீழ்ப்பக்கத்தை நடுவில் 4.5 கிலோ விசையோடு மேலே தள்ளி எவ்வளவு எழும்புகிறது என்று பார்ப்பார்கள். எவ்வளவு எழும்பலாம் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி, எங்கே மிகவும் இறுகுகிறதோ அந்த இடத்தில் அளக்க வேண்டும். எந்தப் புல்லியும் நூற்றுக்கு நூறு வட்டம் இல்லை. எல்லாம் சரியென்று நட்டை இறுக்கினால், இறுக்குகிற வேகத்தில் அச்சு ஒரு மயிரிழை நகர்ந்திருக்கும். மறுபடி முதலிலிருந்து.

அனுபவசாலிகளுக்கிடையே ஒரு பழைய சண்டையும் உண்டு. அளவு இரு பக்கமும் சரியாக இருக்கிறது, பெல்ட் மட்டும் ஒரு பக்கம் ஒதுங்கி ஓடுகிறது. எதை நம்புவது? ஸ்கேலையா, பெல்ட்டையா? வெல்டிங் செய்த ஸ்விங் ஆர்ம் கடைசி நூல் வரை நேராக இருக்கும் என்று யாரும் எழுதிக்கொடுப்பதில்லை. பெல்ட்டுக்குள் முறுக்கியிருக்கும் கயிறே அதை ஒரு பக்கம் இழுக்கும் குணமுடையது. இடமுறுக்கையும் வலமுறுக்கையும் கலந்து வைத்து அதை அடக்குகிறார்கள். ஆகவே நல்ல மெக்கானிக் ஸ்கேலில் தொடங்கி, சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுழற்றி, பெல்ட் எங்கே உட்காருகிறது என்பதைப் பார்த்துத்தான் முடிக்கிறார்.

ஹார்லியின் பிற்காலத்து டூரிங் வண்டிகளில் பின் அச்சின் இரு முனையிலும் மையம் விலகிய வட்டத்தட்டு இருக்கிறது. அச்சைத் திருப்பினால் இரண்டு தட்டும் சேர்ந்து திரும்பி, இரு பக்கமும் ஒரே அளவு நகரும். திருவொற்றியூர் புல்லட்டின் நத்தை ஓட்டுக்கு நெருங்கிய சொந்தம் என்று சொல்லலாம், பள்ளத்தை எண்ணும் வேலைகூட மிச்சம்.

இந்தியாவில் பல் பெல்ட்டைப் பலர் முதலில் பார்த்தது ஹார்லி வண்டிகளில்; 2014-இல் ஹரியானாவின் பாவலில் தயாராகி வந்த ஸ்ட்ரீட் 750-யிலும் அதுதான். எண்ணிக்கையில் அதைப் பரப்பியவை மின்சார ஸ்கூட்டர்கள். ஓசூரில் தயாராகும் ஏதர் 450-இல் மோட்டாரிலிருந்து பின்சக்கரத்துக்குப் பல் பெல்ட்தான் போகிறது. எஞ்சின் இரைச்சல் இல்லாத வண்டியில் செயினின் கடகடப்பு தனியாகக் கேட்கும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். இறுக்கத்தைப் பார்க்கவும் புதிய வழிகள் வந்துவிட்டன. பெல்ட்டை விரலால் மீட்டி, எழும் ஒலியின் அதிர்வெண்ணை அளக்கும் கருவிகள் உண்டு. சைக்கிள் பெல்ட்டுக்கு கேட்ஸ் கம்பெனி கைபேசிச் செயலியே வெளியிட்டிருக்கிறது. தம்புராவுக்குச் சுருதி கூட்டுவது மாதிரி பின்சக்கரத்துக்குச் சுருதி கூட்டலாம்.

ஓசூர் இருக்கும் அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், போச்சம்பள்ளியில் ஓலாவின் ஸ்கூட்டர் ஆலை இருக்கிறது. அங்கே தயாரான முதல் தலைமுறை வண்டிகள் பெல்ட்டில் ஓடின. 2025 ஜனவரியில் அறிவித்த மூன்றாம் தலைமுறையில் அந்தக் கம்பெனி பெல்ட்டை எடுத்துவிட்டுச் செயினைப் பூட்டியது. ஏதர் 450 பெல்ட்டிலேயே ஓடுகிறது. மேன் தீவின் மலையில் 1911-இல் நடந்த வழக்கு, ஒரே மாவட்டத்துக்குள் மறுபடி விசாரணைக்கு வந்திருக்கிறது.